புகையிலை மென்ற பிணம்

"கட்!" என்று வெள்ளைக்கார டைரக்டர் துரை மறுபடியும் கத்தினார். மணலில் செத்துக் கிடந்த எட்டியப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா பாய் சொல்றான்?"

"பொணம் மெல்லக் கூடாதாம்ணே. கன்னம் ஆடுதாம்."

"நான் எங்க மென்னேன்? எச்சி ஊறுது, அதுவா ஆடுது."

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, பாறைகள் கடலுக்குள் இறங்கும் இடம். உச்சி வெயில். அது போதாதென்று வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய பலகைகளை இரண்டு பேர் தூக்கிப் பிடித்து, அந்த வெயிலைத் திருப்பி எட்டியப்பன் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் பூசிய ரத்தம் உருகி ஈ மொய்த்தது. ஏதோ பாகில் சாயம் கலந்து செய்த ரத்தம்.

புகையிலையைத் துப்பிவிட்டுப் படுக்கும்படி கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டார்.

"பாய், பொணம் மாதிரி படுக்கிறதே தப்பு. எமன் இந்தப் பக்கமா போனான்னா நெசம்னு நெனச்சிக்குவான். வாயில பொயல இருந்தாத்தான் உசுரு கீதுன்னு அவனுக்குத் தெரியும். பொயல கீற வாயில எவனும் அரிசி போட மாட்டான்."

வாய்க்கரிசியைச் சொல்கிறார். மீனவர் குப்பத்தில் வேறு யாரும் பிணமாகப் படுக்க ஒப்பவில்லை. இவர் ஒருவர்தான் துணிந்தார். அந்தத் துணிச்சலுக்கும் இப்படி ஒரு காவல் வேண்டியிருந்தது.

எமனைப் பற்றியெல்லாம் அந்தத் துரையிடம் நான் எப்படிச் சொல்வது? பல்வலி, கன்னம் வீங்கியிருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் வெளிச்சம் மாறுகிறது என்று சலித்துப்போய் மூட்டையைக் கட்டினார்கள்.

அப்போது நானும் சிரித்தேன். இன்று அந்தக் கன்னத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

குனியாத மனிதர்

செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் இருந்த டூரிங் கொட்டகையில் நான் மைக்காரனாக இருந்ததை இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். இங்கிலீஷ் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கதையைத் தமிழில் மைக்கில் சொல்வது என் வேலை. எனக்குப் புரிந்தது பாதி, மீதி என் கைச்சரக்கு. என் அப்பா பஜாரில் அத்தர் விற்பவர்; அத்தாவுக்கு என் பிழைப்பைச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சம்.

இங்கிலீஷ் தெரிந்த உள்ளூர் ஆள் என்றுதான் அந்த வெள்ளைக்காரக் கம்பெனி என்னைப் பிடித்துக்கொண்டது. படம் துப்பறியும் படம். சொந்த ஊரில் யாருக்கும் அடங்காத முரட்டுத் துப்பறிவாளர் ஒருவர் கள்ளக்கடத்தல் கும்பலைத் தேடிக் கீழ்த்திசைத் துறைமுகம் ஒன்றுக்கு வருகிறார். எந்த ஊர் என்று கதையில் கடைசிவரை சொல்வதில்லை. நம் பாறையும் நம் மணலும் அவர்களுக்கு ஏதோ ஒரு தூர தேசம். அதில் கும்பலின் படகோட்டியாக வந்து, பாறைகளுக்கு நடுவே ஓடி, சுடப்பட்டு விழுபவர் எட்டியப்பன்.

விழுந்தவரின் முகத்தைத் துப்பறிவாளர் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க மாட்டார். பூட்ஸ் காலைத் தோளுக்கடியில் கொடுத்துப் புரட்டிப் போடுவார்.

"கையால புரட்டச் சொல்லு பாய்," என்றார் எட்டியப்பன். "காலு வாணாம். எம் பொஞ்சாதி பாத்தா பேஜாராப் பூடும்."

சொன்னேன். இந்த மனிதர் யாருக்கும் குனிய மாட்டார், அதுதான் அவர் குணம் என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழில் இரண்டு வார்த்தை திட்டினேன். துரை அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

தாம் பிணமாகக் கிடந்ததை எட்டியப்பன் வீட்டில் சொல்லவில்லை. 'சினிமாவில் வருகிறேன்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவருடைய மனைவி பூங்காவனம் குப்பம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தாள்.

கரை ஒதுங்கிய மரம்

அந்த வருஷ ஐப்பசியிலேயே எட்டியப்பன் போய்விட்டார்.

பாறையில் மாட்டிக்கொண்ட வலையை எடுத்து வருகிறேன் என்று காலையில் தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளினாராம். வானம் கறுத்திருக்கிறது, வேண்டாம் என்று தம்பி வேலு தடுத்திருக்கிறான். கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் புயல் இறங்கிவிட்டது. சில நாள் கழித்துக் கட்டுமரம் மட்டும் சதுரங்கப்பட்டினம் பக்கம் கரை ஒதுங்கியது. துடுப்பில்லை, வலையில்லை, ஆளுமில்லை.

கடலில் போனவரின் உடல் கிடைக்காவிட்டால் குப்பத்தில் ஒரு முறை உண்டு. வைக்கோலால் உருவம் செய்து, அவர் வேட்டியை உடுத்தி, வாய்க்கரிசி போட்டுக் காரியம் முடிப்பார்கள். மனைவி தாலியைக் கழற்ற வேண்டும். அது நடக்கிறவரை அந்த வீட்டில் நல்ல காரியம் எதுவும் கிடையாது.

பூங்காவனம் ஒப்பவில்லை. "பொணத்தக் காட்டு. காட்டினா நானே கழட்டிக் குடுக்கிறேன்," என்றாள். மாதங்கள் போயின. அடுத்த மழைக்காலமும் வந்து போனது. அவள் அதையேதான் சொன்னாள். பொட்டும் பூவுமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போனாள். எதிரே வரும் பெண்கள் ஒதுங்கிப் போனார்கள்.

வேலுவுக்குக் கோவளத்தில் பெண் பேசி முடித்திருந்தது. வரும் தையில் கல்யாணம். 'சாவு முடியாத வீட்டில் எங்கள் பெண்ணைக் கொடுக்க மாட்டோம்' என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். வேலு பாவம், அண்ணியிடம் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஊரே அவனுக்காகக் கேட்டது.

ரங்கூன் சாச்சா

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தாவின் தம்பி, என் சாச்சா, ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தார். ஜப்பான் சண்டை வந்தபோது அங்கிருந்து காட்டு வழியாக நடந்தே கிளம்பியவர்களில் அவரும் ஒருவர் என்று சேதி வந்தது. அப்புறம் ஒரு சேதியும் இல்லை. சில வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மையித்து, அதாவது உடல், இல்லாமலே பள்ளிவாசலில் அவருக்கு ஜனாசா என்னும் இறுதித் தொழுகை தொழுதார்கள். நானும் வரிசையில் நின்றேன். எதிரே ஒன்றுமில்லாத தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு என்னவோபோல் இருந்தது.

அவர் மனைவி, என் சாச்சி, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா இருந்தாள், வெள்ளைப் புடவை உடுத்தினாள், எல்லாம் முறைப்படி. ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், வாசலில் ஜட்கா வண்டி நின்றால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். ஊர் தொழுது முடித்துவிட்டது. அவளுக்கு முடியவே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

நாட்டார் கேட்ட உதவி

படம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. முதலாளி வண்டி கட்டி, தம்பட்டம் அடித்து, மாமல்லபுரம்வரை நோட்டீஸ் வீசச் செய்தார். 'நம் கடற்கரையில் வெள்ளைக்காரத் துப்பறியும் சூரர்! நம்மவர் ஒருவரும் நடித்தது!' என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அந்த நம்மவர் காணாமல் போனதை அவரிடம் சொன்னேன். "அப்படியா, பாவம். கூட்டம் நல்லா வரும்," என்றார். அவர் அப்படித்தான்.

ஒருநாள் பகலில், ஆபரேட்டர் ரங்கனும் நானும் கூரைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தபோது குப்பத்து நாட்டார் வந்தார். நாட்டார் என்றால் ஊர்த் தலைவர். கூட வேலு. தலையைக் குனிந்தபடி கம்பத்தோரம் நின்றுகொண்டான்.

"பாய், படத்துல எட்டியப்பன் செத்துக் கெடக்கிறானாமே? அவனே எங்கிட்ட சொல்லிக்கீறான்."

"ஆமாங்க."

"மொகம் தெரியுதா?"

"பெரிசாவே தெரியுது."

நாட்டார் குரலைத் தாழ்த்தினார். "கொப்பமே வரப் போவுது. அந்தப் பொண்ணையும் கூட்டியாறோம். அந்த எடம் வர்றப்ப நீ மைக்குல, 'எட்டியப்பன் செத்துட்டாரு'ன்னு அவம் பேரு சொல்லிச் சொல்லணும். பொம்பளைங்க அழ ஆரம்பிச்சிடும். அதுவும் அழுதுடும். பொணத்தப் பாக்கணும்னு சொல்லிச்சில்ல, பாத்ததா ஆயிடும். மறுநாளே தாலி வாங்கிடுவோம்."

"அது நடிப்புங்க. அது பொணமில்ல."

"தெரியும் பாய். வைக்கோலு மட்டும் பொணமா?"

அவர் கெட்டவர் இல்லை. மூன்று தலைமுறையாக ஆட்களைக் கடலுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய குடும்பம். அழுது முடித்தால்தான் மறுநாள் மரத்தைத் தள்ள முடியும் என்று அறிந்தவர். சரி என்று தலையாட்டினேன்.

போகும்போது வேலு மட்டும் திரும்பி வந்தான். "பாய், அண்ணிக்கு இன்னும் தெரியாது. அண்ணன் நடந்து வரும்னு நெனச்சிகினு வருது."

பெண்கள் பக்கம்

குப்பத்து ஜனம் மாட்டு வண்டிகளிலும் பஸ்ஸிலுமாக முதல் ஆட்டத்துக்கு வந்து இறங்கியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே இடுப்புயர மண்சுவர். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தார்கள். கொட்டகைக்குள் கருவாட்டு வாடையும் மல்லிகை வாடையும் சேர்ந்து வந்தது.

பூங்காவனம் கல்யாணப் புடவையில் வந்திருந்தாள். மஞ்சள் பூசிய முகம், தலை நிறையப் பூ. சுவரோரமாக வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"பாய், அவுரு எப்ப வருவாரு?"

"இடைவேளைக்கு அப்புறம்மா."

"நெறைய நேரம் வருவாரா?"

"கொஞ்ச நேரம்தான். கடைசியில..." என்று இழுத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அவள் ஓடிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் பாதி முழுக்க நான் என்ன சொன்னேனோ எனக்கே தெரியாது. துப்பறிவாளர் குத்தினார், சுட்டார், மாடியிலிருந்து குதித்தார். எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு அந்த ஊர் மனிதர்கள் சுவர் மாதிரிதான், சாய்ந்துகொள்ளலாம், தள்ளலாம். கொட்டகை கைதட்டியது. குப்பத்துப் பெண்கள் மட்டும் கைதட்டவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரியும். தெரியாதவள் ஒருத்திதான்.

இடைவேளை முடிந்தது. பாறைகள் வந்தன. 'நம்ம கடலுடா!' என்று ஒரு குரல். பிறகு எட்டியப்பன் வந்தார்.

ஓடி வந்தார். அதே ஓட்டம், முழங்காலை அகட்டி வைக்கும் ஓட்டம். பூங்காவனம் எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவள் காதில் விழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

துப்பாக்கி வெடித்தது. எட்டியப்பன் விழுந்தார். அந்தப் பூட்ஸ் கால் வந்தது. தோளுக்கடியில் நுழைந்து புரட்டியது. திரை முழுக்க எட்டியப்பனின் முகம். அவ்வளவு பெரிதாக அந்த முகத்தை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. நெற்றியில் ரத்தம், மூடிய கண்.

பெண்கள் பக்கம் யாரோ, "அய்யோ, எங்க ராசாவே!" என்று தொடங்கினார்கள். இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. நாட்டார் இருட்டில் என் பக்கம் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "எட்டியப்பன்..." என்றேன். அதற்கு மேல் சொல்லாமல் மைக்கைத் தாழ்த்தினேன்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பூங்காவனம் சிரித்தாள். கல்யாண வீட்டில் சிரிக்கிற மாதிரி வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏ, அழுவாதீங்கடி! கன்னத்தப் பாரு! பொயல மெல்லுது பாரு!"

எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இடது கன்னத்தில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைப்பு. மெதுவாக அசைந்து கீழே இறங்கியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. அப்புறம் திரை மாறிவிட்டது. துப்பறிவாளர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்.

"செத்தவன் பொயல மெல்லுவானா? சொல்லுங்க! நாட்டாரே, நீயே சொல்லு!"

ஒப்பாரி அப்படியே நின்றுபோயிற்று. நாற்காலி டிக்கெட்டிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் அவள் நேரே என்னிடம் வந்தாள். முகமெல்லாம் கண்ணீர். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் இந்தப் படம்தானே பாய்?"

பெட்டி போன வழி

அந்தப் படம் இருந்தவரை அவள் தினமும் வந்தாள். கூடையைக் கொட்டகை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே போவாள். இடைவேளைவரை தூங்குவாள். பாறை வந்ததும் எழுந்து உட்காருவாள். எட்டியப்பன் தினமும் சுடப்பட்டார். தினமும் பூட்ஸ் காலால் புரட்டப்பட்டார். அந்தக் கால் வரும்போது மட்டும் அவள் மணலில் காறித் துப்புவாள்.

அந்த இடத்தில் நான் மைக்கை மூடிவிடுவேன். முதலாளி திட்டினார். திட்டட்டும் என்று விட்டேன்.

படப்பெட்டி எங்கள் ஊரைவிட்டுப் போகும் நாளில், அடுத்து எங்கே போகிறது என்று ரங்கனிடம் கேட்டுக்கொண்டாள். மதுராந்தகம் என்றான். அவள் மதுராந்தகம் போனாள். அதன் பிறகு திண்டிவனத்துக்கும் போனதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் பெட்டி எங்கே போயிற்றென்று ரங்கனுக்கும் தெரியாது. அவள் குப்பத்துக்குத் திரும்பினாள்.

கோவளத்துச் சம்பந்தம் முறிந்தது. அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். வேலு பல வருஷம் கழித்து, வீட்டில் எதுவும் செய்யாமல், திருப்போரூர் முருகன் சந்நிதியில் வேறொருத்திக்குத் தாலி கட்டினான். அண்ணியைக் கூட்டிப் போகவில்லை. அந்தப் பெண் வீட்டார் கேட்டுக்கொண்டார்களாம். அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லையாம்.

நான் எப்போதாவது மாமல்லபுரம் போனால் அவளைப் பார்ப்பேன். பொட்டு இருக்கும், பூ இருக்கும். தலை நரைத்த பிறகும் இருந்தது. ஊருக்குப் பழகிவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவளை யாரும் அழைக்கவில்லை. சுமங்கலிகளோடு சேர்க்கவில்லை, கைம்பெண்களோடும் சேர்க்கவில்லை. தனியாகவே இருந்தாள். ஒரு கன்னம் ஆடியதற்கு அவ்வளவு நீளமான விலை.

அந்தத் துரைக்குப் பொறுமை இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று சில சமயம் நினைப்பேன். பிறகு ஜட்கா சத்தத்துக்கு எழுந்து நிற்கும் என் சாச்சி நினைவுக்கு வருவாள். எது பரவாயில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் அண்ணி

கொட்டகை போய் வெகுகாலம் ஆன பிறகு ஒரு காலையில் வேலுவின் மகன் சைக்கிளில் வந்தான். பெரியம்மா தவறிவிட்டாள், அப்பா உங்களைக் கூட்டி வரச் சொன்னார் என்றான்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. பழைய நாட்டார் என்றோ போய்விட்டார். இப்போது அவர் மகன். எந்தப் புடவையில் எடுப்பது என்பதுதான் பிரச்சினை. வெறும் புடவையா, மஞ்சள் குங்குமத்தோடா?

"எட்டியப்பன் போயி எத்தினி வருசம் ஆச்சி. இன்னுமா உசுரோட கீறான்?" என்றார் நாட்டார் மகன்.

வேலு எழுந்து வந்தான். தாடியெல்லாம் வெள்ளை. இவளால் கல்யாணம் முறிந்து, இவளால் ஊரில் பேச்சு வாங்கியவன். அவன்தான் முடிவாகச் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"பொணத்த யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டான். "பாக்கல இல்ல? அப்ப அண்ணி பூவோடதான் போவும்."

மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்தார்கள். கொட்டகைக்கு வந்த அன்று உடுத்தியிருந்த புடவையா என்று பார்த்தேன். அது இல்லை, புதுசு.

எடுத்துப் போய்த் திரும்பிய பிறகு, வேலு வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு கட்டு வைக்கோலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தான். எல்லாரும் பின்னால் போனோம். அவனே கை, கால், தலை என்று கட்டினான். பெட்டியிலிருந்து எடுத்த பழைய வேட்டி ஒன்றை உடுத்தினான். அது எட்டியப்பனுடையது. மடிப்பெல்லாம் பழுப்பேறியிருந்தது.

"இத முன்னாடியே பண்ணியிருக்கலாமே, ரெண்டையும் ஒண்ணா," என்றார் யாரோ.

"முன்னாடி பண்ணா அண்ணி தாலி அறுத்தவளாயிடும். மொதல்ல அண்ணி போவட்டும், அப்பறம் அண்ணன் சாவட்டும்னுதான் இருந்தேன்."

வைக்கோல் தலையில் வாய் இல்லை. வேலு விரலை விட்டு ஒரு குழி பறித்தான். அரிசியை எடுத்துப் போட்டான். ஒவ்வொருவராகப் போட்டார்கள். கடைசியில் முறத்தை என் பக்கம் நீட்டினான்.

"போடு பாய். இப்ப பொயல இல்ல."

ஒரு பிடி எடுத்து அந்தக் குழியில் போட்டேன்.